முகப்புப் படத்தில் இருப்பது யார்?



உங்கள் மகனோ மகளோ எட்டாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, ஆதார் அட்டையில் உள்ள முகவரி. மும்பை தாராவியிலோ, பெங்களூரு அல்சூரிலோ, டெல்லியின் ஒரு மூலையிலோ நீங்கள் பாடுபட்டு வாடகை கொடுத்து வாழும் வீடு அது. மற்றொன்று, இன்ஸ்டாகிராமிலோ ஸ்னாப்சாட்டிலோ யூடியூபிலோ அவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட முகவரி. முதல் வீட்டுக்கு வந்துபோகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். இரண்டாம் வீட்டுக்கு யார் வருகிறார்கள், வருகிறவர்களிடம் உங்கள் பிள்ளை தன்னை யார் என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறது என்பதை நம்மில் பலர் கேட்டதே இல்லை.

கேட்கும்போதும் நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறோம். "எத்தனை மணி நேரமாக அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" என்று அதட்டுகிறோம். நேரமும் முக்கியமே. ஆனால் அதற்கு முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "அங்கே நீ உன்னை யார் என்று சொல்கிறாய்?" என்பதே அது. பிள்ளைகள் தங்களை உள்ளபடி காட்டிக்கொள்வதற்கு நாம் எவ்வாறு உதவலாம் என்பதை முதலில் பெற்றோருக்கும், பின்னர் மாணவருக்கும் இங்கே எழுதுகிறோம்.

முதல் பொய் எங்கே பிறக்கிறது?

இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது நிரம்பியிருக்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளை கணக்குத் தொடங்க விரும்பினால் என்ன நடக்கிறது? பிறந்த ஆண்டைக் கேட்கும் இடத்தில், அண்ணனோ, சித்தப்பாவோ, சில வீடுகளில் தகப்பனாரோ, "2000 என்று போடு, ஒன்றும் ஆகாது" என்கிறார். இணையத்தில் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் செய்தியே பொய்யாகிவிடுகிறது. அதைச் சொல்லிக்கொடுத்தவரும் பெரியவரே.

இதைச் சிறிய காரியம் என்று எண்ணிவிடாதிருங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று "டீன் அக்கவுண்ட்" என்னும் தனி ஏற்பாட்டை இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் சில நாடுகளில் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அது இந்தியாவுக்கும் வந்தது. அவ்வாறான கணக்கு, தொடக்கத்திலிருந்தே பிறர் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். முன்பின் அறியாதவர்கள் அதற்குச் செய்தி அனுப்ப இயலாது. 16 வயதுக்கு உட்பட்டவர் அந்தப் பூட்டைத் தளர்த்த விரும்பினால் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆனால் இத்தனை பாதுகாப்பும் பிறந்த ஆண்டை நம்பியே நிற்கிறது. 2012 இல் பிறந்த பிள்ளை 2000 இல் பிறந்ததாகப் பதிவு செய்திருந்தால், நிறுவனத்தின் கணக்கில் அது வளர்ந்த ஆள். கதவுகள் எல்லாம் திறந்தே கிடக்கும்.

இந்தியாவின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் நிறைவேறியது. 18 வயது நிரம்பாத எவரையும் அது குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை அது கேட்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. இருபத்தைந்து வயது என்று எழுதிவைத்திருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையை அந்தச் சட்டமும் எளிதில் தேடிக் கண்டுபிடிக்காது. ஆகவே இந்த வாரமே பிள்ளையோடு உட்கார்ந்து கணக்கின் பிறந்த தேதியைப் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்துங்கள். 13 வயது நிரம்பவில்லை என்றால் கணக்கை மூடிவிட்டுக் காத்திருப்பதே நேர்மை.

பிள்ளை ஏன் வேறொருவராக மாறுகிறது?

எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான காரணங்கள் சில உண்டு. லைக் என்னும் எண்ணிக்கை அவற்றுள் முதலாவது. உள்ளபடி எடுத்த படத்துக்குப் பத்து லைக்கும், ஃபில்டர் போட்டு முகத்தை வெளுப்பாக்கிய படத்துக்கு நூறு லைக்கும் கிடைத்தால், எந்த முகத்தை ஊர் விரும்புகிறது என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. யாரும் வாய்திறந்து "நீ கறுப்பு" என்று சொல்லவேண்டிய அவசியமில்லை. எண்ணிக்கையே அதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்த்தல். ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் சிலவற்றை 2021 செப்டம்பரில் "வால் ஸ்ட்ரீட் ஜர்னல்" நாளிதழ் வெளியிட்டது. அவற்றை வெளிக்கொணர்ந்தவர் அந்நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாகன். தங்கள் உடலைக் குறித்து மனம் சோர்ந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்தச் சோர்வை அதிகமாக்கியது என்று கூறியதாக அவற்றுள் ஒன்று தெரிவித்தது. அந்நிறுவனமே நடத்திய ஆய்வில் வெளிப்பட்ட செய்தி இது.

அவ்வாறு ஒப்பிட்டு ஏங்கச் செய்த படங்கள் எப்படித் தயாராகின்றன? ஆஸ்திரேலியாவின் எசனா ஓ'நீல் என்ற இளம்பெண்ணை இன்ஸ்டாகிராமில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தனர். 2015 இல் அவர் தம் படங்களில் ஏராளமானவற்றை நீக்கினார். மீதமிருந்தவற்றின் கீழே இருந்த வாசகங்களை அழித்துவிட்டு, உண்மையில் நடந்ததை எழுதினார். கடற்கரையில் இயல்பாக நிற்பதுபோல் தோன்றிய ஒரு படத்துக்காக, வயிறு ஒட்டித் தெரியும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட முறை படம் எடுத்ததை அவர் வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் மகள் பார்த்து ஏங்கும் படத்துக்குப் பின்னாலும் இவ்வாறான நூறு படங்கள் இருக்கக்கூடும் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய காரணம்

இவை எல்லார்க்கும் பொதுவானவை. ஊரைவிட்டு வந்து பெருநகரத்தில் வாழும் நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதன் பெயர் வெட்கம்.

பள்ளியில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியையின் நாவில் நம் பிள்ளையின் பெயர் சிக்கிக்கொள்கிறது. வகுப்பு சிரிக்கிறது. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது. நமக்கோ இனிஷியல்தான் உண்டு. மதிய உணவு டப்பாவைத் திறந்தால் "மதராசி" என்ற கேலி. "உன் வீடு எங்கே?" என்று கேட்டால், தாராவி என்று சொல்லாமல் அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்லப் பிள்ளை பழகிக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்கு இணையம் என்ன தருகிறது? தான் விரும்பும் பெயர், தான் விரும்பும் ஊர், தான் விரும்பும் தகப்பன். முத்துலட்சுமி ஒரு நொடியில் வேறு மாநிலத்துப் பெண்ணாகிவிடுகிறாள். விடியற்காலையில் இட்லிக்கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படும் தகப்பனார், இணையத்தில் "பிசினஸ்மேன்" ஆகிவிடுகிறார்.

இந்த ஒளிவுமறைவு பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. மும்பையில் 1966 இல் தொடங்கப்பட்ட சிவசேனா, தென்னிந்தியருக்கு எதிராகக் குரல் எழுப்பிய ஆண்டுகளில், வீதியில் தமிழ் பேச அஞ்சியவர்கள் நம் பாட்டன்மார். அன்று மறைத்துக்கொண்டது பாதுகாப்புக்காக. இன்றைக்கும் நம் முகவரி உறுதியானதன்று. 2025 ஜூன் 1 அன்று டெல்லி ஜங்புராவிலிருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபோது, தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பிறந்து வளர்ந்த வீட்டையே இழந்தார்கள். ஆகவே தன் வீட்டைச் சொல்லத் தயங்கும் பிள்ளையை "பொய்யன்" என்று அடிப்பதற்கு முன், அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று சிந்தியுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் படிக்கும் பாடம்

நாம் மட்டும் உள்ளபடி காட்டிக்கொள்கிறோமா? ஊரிலுள்ள மைத்துனருக்கு அனுப்பும் படத்தை எங்கே நின்று எடுக்கிறோம்? முதலாளியின் காருக்குப் பக்கத்திலும், வேலை செய்யும் அடுக்குமாடிக் கட்டிடத்தின் பளிங்கு வரவேற்பறையிலும் நின்று எடுத்த படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருகின்றன. "நகரத்தில் நன்றாயிருக்கிறோம்" என்று ஊர் நம்பவேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஊரில் நம்மை எண்ணி வருந்தும் வயதான தாயாருக்கு ஆறுதலாகவும் அது இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தை எடுத்துக்கொடுத்தது யார்? பெரும்பாலும் நம் பிள்ளைதான். "கார் முழுவதும் தெரிகிற மாதிரி எடு" என்று நாம் சொன்ன அன்றே பாடம் நடந்துமுடிந்தது.

இன்னொன்று. பிள்ளை 61 மதிப்பெண் வாங்கியிருக்க, ஊருக்குப் போன் செய்து "எண்பதுக்கு மேல்" என்று சொல்லும் வீடுகள் உண்டு. பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? "நான் உள்ளபடி இருப்பது என் தாய்தகப்பனுக்கே போதவில்லை" என்று விழும். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளை இணையத்தில் தன்னைப் பெருக்கிக் காட்டுவதில் வியப்பு என்ன இருக்கிறது?

மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல

இக்கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். உண்மையாயிருப்பது என்பது எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்வதன்று. சொல்லாமல் இருக்க எவருக்கும் உரிமை உண்டு. சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்பதே கடமை.

இந்த வேறுபாடு தெரியாததால் இரண்டு விதமான தவறுகள் நேர்கின்றன. சில பிள்ளைகள் "நான் ஒளிவுமறைவு இல்லாதவன்" என்ற பெருமையில் பள்ளியின் பெயர், சீருடை, டியூஷன் முடியும் நேரம், வீட்டுத் தெரு, கைப்பேசி எண் ஆகிய அனைத்தையும் அந்நியர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர், பாதுகாப்பு என்ற பெயரில் பொய்யான பெயரும் பிறருடைய படமும் வைத்து வேறொரு ஆளாகவே வாழ்கிறார்கள். முன்னது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது போன்றது. பின்னது பக்கத்து வீட்டைத் தன் வீடு என்று சொல்வது போன்றது. கதவைப் பூட்டிக்கொண்டு, கேட்பவரிடம் "இது என் வீடு" என்று சொல்வதே சரியான வழி.

சில உதாரணங்களைப் பாருங்கள். முத்துலட்சுமி தன்னை "லட்சுமி" என்று சுருக்கிக்கொள்வது பொய்யன்று. வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை வைப்பதும் பொய்யன்று. தனக்கு உரிமையில்லாத ஒரு குடும்பப் பெயரைச் சேர்த்து வேறு சமூகத்தாராகக் காட்டிக்கொள்வது பொய். "மும்பை" என்று மட்டும் எழுதித் தெருவை எழுதாமல் விடுவது ஞானம். வசிக்காத பாந்த்ராவை வசிப்பிடமாக எழுதுவது பொய். படத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவது தவறில்லை. மூக்கையும் நிறத்தையும் மாற்றி, "இதுதான் நான்" என்று நம்பவைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

இரண்டு கணக்குகள் வைத்திருக்கும் பிள்ளையைக் குறித்தும் இங்கே சொல்லவேண்டும். உறவினரும் சபையாரும் பார்க்க ஒன்று, நெருங்கிய தோழர் மட்டும் பார்க்க ஒன்று என்று வைத்திருப்பது இன்று பரவலான வழக்கம். அதைக் கண்டவுடன் பல பெற்றோர் அதிர்ச்சி அடைகின்றனர். இர்விங் காஃப்மன் என்ற சமூகவியல் அறிஞர் 1956 இல் வெளியிட்ட நூல் ஒன்றில், மனிதர் எல்லாருமே பார்ப்பவருக்கு ஏற்பத் தங்களைக் காட்டிக்கொள்கிறார்கள் என்பதை மேடையையும் மேடைக்குப் பின்னுள்ள அறையையும் உவமையாக வைத்து விளக்கினார். நாமும் மேலதிகாரியிடம் பேசுவதுபோல் மனைவியிடம் பேசுவதில்லை. இணையத்தில் வந்திருக்கும் சிக்கல், பெரியப்பாவும் வகுப்புத் தோழனும் ஆசிரியையும் அந்நியனும் ஒரே வேளையில் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதுதான். அதற்குப் பிள்ளைகள் கண்டுகொண்ட வழி இரண்டாம் கணக்கு. ஆகவே எத்தனை கணக்கு என்று எண்ணுவதைவிட, இரண்டிலும் இருப்பது ஒரே பிள்ளைதானா என்று கேளுங்கள். ஒன்றில் அமைதியாகவும் மற்றொன்றில் வேடிக்கையாகவும் இருப்பது இயல்பு. ஒன்றில் சாந்தகுணமும் மற்றொன்றில் பிறரை இழிவுபடுத்தும் சொற்களும் இருந்தால், அங்கே மனம் இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று பொருள். அது பற்றிப் பேசவேண்டும்.

பொய்முகத்தின் விலை

தோழர்களுக்குள் மட்டும் என்று நினைத்து எழுதியது அங்கேயே நிற்பதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2017 இல் குறைந்தது பத்து மாணவர்களுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. தனிப்பட்ட ஃபேஸ்புக் குழு ஒன்றில் அவர்கள் பகிர்ந்துகொண்ட அருவருப்பான கேலிப் படங்களே காரணம். பூட்டிய அறைக்கும் ஸ்கிரீன்ஷாட் என்ற சன்னல் உண்டு.

ஆசிரியர் ஒருவரின் பெயரிலோ வகுப்புத் தோழியின் பெயரிலோ போலிக் கணக்குத் தொடங்குவதைச் சில மாணவர்கள் விளையாட்டாகக் கருதுகின்றனர். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் சிறைக்குச் செல்வதில்லை என்றாலும், சிறார் நீதிக் குழுமத்தின் முன் பெற்றோரோடு நிற்கவேண்டி வரலாம்.

இவற்றைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. பொய்முகம் வைத்திருக்கும் பிள்ளையை மிரட்டுவது எளிது. "நீ யார் என்று உன் பள்ளிக்குச் சொல்லிவிடுவேன்", "நீ அனுப்பிய படத்தை உன் தகப்பனுக்கு அனுப்புவேன்" என்று ஒருவன் மிரட்டும்போது, தன்னை மறைத்து வாழ்ந்த பிள்ளை உதவி கேட்டு யாரிடம் போகும்? உதவி கேட்டால் முழுக் கதையும் வெளிப்படுமே என்று பயந்து, பணத்தையோ மேலும் படங்களையோ கொடுத்துக்கொண்டே இருக்கும். "நீ என்ன செய்திருந்தாலும் முதலில் எங்களிடம் வா, அடிக்கமாட்டோம், போனைப் பிடுங்கமாட்டோம்" என்று இன்றே சொல்லிவையுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற எண்ணும் நாடு முழுவதும் செயல்படுகின்றன. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க "டேக் இட் டவுன்" என்னும் இலவசச் சேவை 2023 முதல் உள்ளது. படத்தை எவருக்கும் அனுப்பாமலே, அதன் எண்வடிவ அடையாளத்தை மட்டும் கொண்டு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதைத் தடுக்க அது வழிசெய்கிறது.

மாணவரே, உங்களோடு சில வார்த்தைகள்

இணையத்தில் உங்களைக் காட்டிக்கொள்ளவே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. நாளை கல்லூரியிலும் வேலையிலும் உங்களைத் தேடிப்பார்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் காணும்படி ஏதாவது இருப்பது நல்லதே. லிங்க்ட்இன் தளம் 16 வயது முதல் அனுமதிக்கிறது. அங்கே பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் "தொழிலதிபர், ஊக்கப் பேச்சாளர், தலைவர்" என்று எழுதியிருந்தால் படிப்பவர் புன்னகைத்துவிட்டுக் கடந்துபோவார். அதே மாணவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"பதினோராம் வகுப்பு, வணிகவியல். மும்பை. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறேன். எங்கள் குடும்பம் காலைச் சிற்றுண்டி செய்து விற்கிறது. வரவுசெலவுக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு. கணக்குப்பதிவியல் படிக்க விரும்புகிறேன்."

இதில் பெரிய சாதனை எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் உண்மை. தெருவும் பள்ளியும் இதில் இல்லை, மறைக்கவேண்டியது மறைந்திருக்கிறது. நான்கு மொழிகளும், அன்றாடம் பணத்தைக் கையாளும் பழக்கமும், அதிகாலையில் எழும் உழைப்பும் இதில் தெரிகின்றன. எதை நினைத்து வெட்கப்பட்டீர்களோ அதுவே வகுப்பிலுள்ள வேறு எவரிடமும் இல்லாத தகுதியாக இருப்பதைக் கவனியுங்கள்.

எதையாவது பதிவிடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. இது நடந்ததா? போகாத இடத்தையும் வாங்காத பொருளையும் உங்களுடையதாகக் காட்டவேண்டாம்.

2. இது என்னுடையதா? படத்தில் தோழி இருந்தால் அவளது சம்மதம் வேண்டும். பிறர் வரைந்த ஓவியத்தையும் எழுதிய வரிகளையும் உங்கள் பெயரில் போடவேண்டாம். சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக்கொடுத்த அறிமுகமும் அப்படியே. அதில் எந்த வரியையேனும் சுட்டி, "இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு" என்று ஒருவர் கேட்டால் உங்களால் பேச முடியுமா? முடியாத வரியை அடித்துவிடுங்கள்.

3. இதை நாளை என் வகுப்பாசிரியை பார்த்தால், "ஆம், நான்தான் எழுதினேன்" என்று சொல்வேனா?

முகத்தைக் காட்டுவதைவிடச் செய்ததைக் காட்டுங்கள். நீங்கள் பழுதுபார்த்த சைக்கிள், வரைந்த படம், தம்பிக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்த பின்னக் கணக்கு ஆகியவை உங்களைப் பற்றி உண்மை பேசும். லைக் எண்ணிக்கை மனதைத் தின்றால், 2021 முதல் இன்ஸ்டாகிராமில் அதை மறைத்துவைக்கும் வசதி உண்டு, பயன்படுத்துங்கள். அழுகை வரும் இரவில் கேமராவைத் திறக்கவேண்டாம். அந்தத் துக்கம் பொய் என்பதனால் இதைச் சொல்லவில்லை. ஆயிரம் பேர் பார்க்கும் துக்கத்துக்குத் தோள்கொடுக்க ஒருவரும் வராமல் போகலாம் என்பதனால் சொல்லுகிறோம். அதை உங்களை நேசிக்கும் ஒருவரிடம் நேரில் சொல்லுங்கள்.

பெற்றோர் வீட்டில் செய்யக்கூடியவை

1. பிள்ளையின் கணக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்காதிருங்கள். "உன் பக்கத்தை எனக்குச் சுற்றிக்காட்டு" என்று கேளுங்கள். வீட்டைச் சுற்றிக்காட்டும் பெருமையோடு காட்டட்டும்.

2. பிள்ளையின் படத்தை நீங்கள் ஸ்டேட்டஸில் போடுமுன் அதன் சம்மதத்தைக் கேளுங்கள். தன் முகத்தின்மீது தனக்கு உரிமை உண்டு என்பதைப் பிள்ளை அப்படித்தான் கற்றுக்கொள்ளும்.

3. உறவினரிடம் மதிப்பெண்ணை உள்ளபடி சொல்லுங்கள். பிள்ளையின் முன்னிலையில் சொல்லுங்கள். "அறுபத்தொன்று வாங்கியிருக்கிறான், அடுத்த முறை கணக்கில் கூடுதலாக உழைக்கப்போகிறான்" என்று சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

4. உங்கள் தொழிலைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுங்கள். ஒரு நாளாவது உடன் அழைத்துச் சென்று காட்டுங்கள். தகப்பன் எவ்வளவு திறமையோடு வேலை செய்கிறார் என்று கண்ணாரக் கண்ட பிள்ளைக்கு, அவரை "பிசினஸ்மேன்" ஆக்கவேண்டிய தேவை குறையும்.

5. பெயரின் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். யாருடைய பெயரை வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்ற கதை பிள்ளைக்குத் தெரியட்டும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு அனைத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் அந்தப் பெயர் இருக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

6. கேலிக்கு ஆளாகும் பிள்ளையிடம் "கண்டுகொள்ளாதே" என்று சொல்லி நிறுத்திவிடாதிருங்கள். பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் பேசுங்கள். நேரில் பெயரைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது என்று அறிந்த பிள்ளை, இணையத்தில் அதை மாற்றிக்கொள்ள அவசரப்படாது.

நாடுகள் தோறும் சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட முக்கியச் சமூகத் தளங்களில் கணக்கு வைத்திருப்பதற்கான தடை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டங்கள் கதவுக்குப் பூட்டுப் போடும். உள்ளே இருக்கும் பிள்ளை தன்னை நேசிக்கிறதா என்பதை அவை பார்ப்பதில்லை. அதைப் பார்க்கவேண்டியவர்கள் நாமே. "உன் நிறமும் உன் பெயரும் நம் வீடும் நம் மொழியும் போதும்; நீ கூட்டிச் சொல்லவேண்டியது ஒன்றுமில்லை" என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, முகப்புப் படத்தில் வேறொருவரைத் தேடவேண்டிய அவசியம் இராது. அந்த வார்த்தையை உங்கள் பிள்ளை கடைசியாக உங்கள் வாயிலிருந்து எப்போது கேட்டது?